லைன் போனஸ்

கனகவல்லி வாய்க்காரி. பெருங்களத்தூரில் கம்பெனி வேனில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கும்வரை பேச்சு ஓயாது. ஏற்றுமதி சட்டைகளுக்குக் காலர் தைக்கும் வேலை. பக்கத்து மெஷினில் மெஹ்னாஸ். அவள் சாப்பாட்டு டப்பா இவளுக்கு, இவள் டப்பா அவளுக்கு. அப்படி ஒரு சிநேகம்.

முன்பெல்லாம் அவரவர் தைத்ததற்கு அவரவருக்குக் காசு. புது மேனேஜர் அதை மாற்றினார். ஒரே வரிசையில் தைக்கிற லைன் மொத்தமும் டார்கெட்டைத் தொட்டால் எல்லோருக்கும் போனஸ்; இல்லாவிட்டால் ஒருத்திக்கும் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளை பெற்று வந்ததிலிருந்து மெஹ்னாஸுக்கு மணிக்கட்டு வலி. வேலை போய்விடுமோ என்று நடுங்கினாள். கனகவல்லி பார்த்துக்கொண்டு இருப்பாளா? சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, அவள் பங்கையும் சேர்த்துத் தைத்தாள். போனஸ் வந்தது. லைனே கொண்டாடியது.

ஆபீசுக்கு எண்ணிக்கை மட்டும்தானே தெரியும்? இவ்வளவு முடிந்தால் இன்னும் முடியும் என்று டார்கெட்டை ஏற்றினார்கள். பாத்ரூம் போக நேரமில்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். தொட்டார்கள். மறுபடி ஏற்றினார்கள். கம்பெனிக்குக் கொழுத்த லாபம். சூப்பர்வைசர் தினகரன் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அவருக்கு எதற்கு அந்த வேலை? பெண்களே ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டார்கெட்டைத் தொட முடியவில்லை; போனஸ் நின்றுபோனது. மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கனகவல்லி அதைத்தான் நம்பியிருந்தாள். ஒரு மதியம் மெஹ்னாஸ் தைப்பதை நிறுத்திக் கையை உதறியபோது, லைனே பார்க்கக் கனகவல்லி வெடித்தாள்.

"உன் ஒருத்தியால மொத்த லைனுக்கும் பேஜாரா கீதுடி! முடியலன்னா வூட்டுல குந்திகினு கெட!"

மெஹ்னாஸ் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். மறுநாள் வேனுக்கு வரவில்லை.

அவள் இடத்துக்கு வேகமான ஒரு பெண் வந்தாள். ஒரு வாரம் எண்ணிக்கை எகிறியது. உடனே டார்கெட்டும் ஏறியது. அந்த மாதமும் போனஸ் இல்லை. பாவி மக்கள்!

ஞாயிற்றுக்கிழமை கனகவல்லி மன்னிப்புக் கேட்கத்தான் மெஹ்னாஸ் வீட்டுக்குப் போனாள். அவள் மணிக்கட்டில் துணி சுற்றி, இடது கையால் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்த மாசமாவது போனஸ் வந்துச்சாக்கா? பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிட்டியா?" என்று மெஹ்னாஸ்தான் முதலில் கேட்டாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் இவள் தாங்கியிருப்பாள்.

"வந்துச்சுடி. கட்டிட்டேன்."

மெஹ்னாஸின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நான் வேலைய வுட்டது வீணாப் போவலக்கா."