மேச்சேரிக்காரரின் ராணித்தலை ரூபாய்

பழைய காசுத் தொழிலில் பொய்க் காசைப் பிடிப்பது சுலபம். மெய்க் காசின் விலையைச் சொல்லி ஒருவரை நம்பவைப்பதில்தான் ஆயுசு போகிறது. என்னைப் போல மேசை போட்டு உட்கார்ந்து வயிறெரிந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் நம்பினால் நம்பட்டும்.

பத்து லட்சம்

சேலத்தில் என் கடைக்கு மேச்சேரியிலிருந்து செங்கோடன் என்று ஒருவர் வந்தார். ஆடு வளர்க்கிறவர். மடியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்தார். வெள்ளைக்கார ராணியின் தலை போட்டது. அப்பா சொத்தைப் பிரிக்கிறார்களாம். ஆடு மேய்கிற மூன்று ஏக்கர் காடு அண்ணனுக்கு, இந்தக் காசு தம்பியான இவருக்கு என்று அண்ணன்காரன் பேசியிருக்கிறான். காசு மெய்யா, இந்த மாதிரிக் காசு இதற்கு முன்னால் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று நான் விசாரித்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து.

கூடவே போனில் ஒரு வீடியோவையும் காட்டினார். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் இதே காசைப் பிடித்துக்கொண்டு பத்து லட்சம் என்கிறான். அந்த மாதிரி ஆட்களால் என் பிழைப்பில் பாதி போய்விட்டது. யாரும் அந்த விலைக்கு வாங்கியதில்லை, அவன் பொய் சொல்கிறான் என்றேன். செங்கோடன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொய் சொல்றவன் எதுக்குங்க அண்ணா மூஞ்சியக் காட்டிப் பேசறான்?"

பட்டறைத் தராசு

என் தராசை நானே நம்புவதில்லை. தெரிந்த கொலுசுப் பட்டறைக்குக் காசை எடுத்துப்போய் நிறுத்தேன். எடை சரி. பொய்க் காசை அச்சில் வார்ப்பார்கள்; விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், முகத்தில் பொடிப்பொடியாகக் குழி இருக்கும். கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அரை நாள் போயிற்று. பட்டறைக்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"உருக்குனா ரெண்டு மெட்டி வருமுங்க. அதுக்கு எதுக்குங்க இத்தன பாடு?"

விற்ற விலை

ஏலத்தில் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்ற பட்டியலெல்லாம் இங்கிலீஷில்தான் வரும். நான் ஐந்தாவதோடு நின்றவன். பட்டியலைச் சேர்த்துவைத்திருக்கிற ஒரே ஆள் அடுத்த தெருக் காசு வியாபாரி. எட்டு வருஷம் முன்னால் கண்காட்சியில் நூறு பேர் நடுவில் என் காசு ஒன்றைப் பொய் என்று சொன்னவர். அன்றிலிருந்து பேச்சில்லை. அது மெய்க் காசுதான், இன்றைக்கும் சொல்வேன்.

செங்கோடனுக்காக அந்தப் படியேறினேன். அவர் உட்காரக்கூடச் சொல்லாமல் பட்டியலைப் புரட்டினார். இதே வருஷத்துக் காசு பலமுறை விற்றிருக்கிறது. எல்லாம் இரண்டாயிரம், மூன்றாயிரம். லட்சம் என்ற பேச்சே இல்லை. கடைசியில் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"காசு மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க. கொண்டுவந்த ஆளு மேலதான்."

போனில் சொல்லாத விலை

எங்கள் தொழிலில் போனில் விலை சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த விலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை செங்கோடன் கூப்பிட்டபோதும் வழக்கப்படி, "காசு மெய்தான். விலையை நேரில் வாங்க, போனில் சொல்ற விலை இல்லை" என்றேன். பத்திர ஆபீஸ் வாசலில் நின்று பேசுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

மறுநாள் பொண்டாட்டியோடு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். காட்டை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். மூவாயிரம் என்றேன். சிரித்தார். மறுபடியும் சொன்னேன். போனில் வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய விலை என்று நினைத்துத்தானே கையெழுத்துப் போட்டேன் என்று சன்னமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மைசூர்பாகு பெட்டியை யாரும் தொடவில்லை. அந்தம்மாதான் காசை எடுத்துப் பார்த்தது, மேசைமேலேயே வைத்தது.

"அது கெடக்குதுங்க. நாளைக்கு ஆட்ட எங்கீங்க ஓட்டிட்டுப் போறது?"

இப்போதெல்லாம் கேட்கிறவர்களுக்குப் போனிலேயே விலையைச் சொல்லிவிடுகிறேன், அதனால் கடைக்கு யாரும் வருவதில்லை.