நொயேல் மரத்தில் கட்டிய தொட்டில்

வைத்திக்குப்பத்து அஞ்சம்மாளுக்குப் பிள்ளை தங்கவில்லை. பெற்றவை எல்லாம் பால்குடி மறக்கும் முன்பே மண்ணுக்குள் போயின. மாமியார் பச்சையம்மாள் சும்மா இருப்பாளா? நோணாங்குப்பத்தில் கன்னியம்மாள் என்றொரு பெண்ணைப் பார்த்து, தை பிறந்ததும் மகன் இருசப்பனுக்குக் கட்டிவைப்பது என்று பேசி முடித்துவிட்டாள். இருசப்பன் வாயைத் திறக்கவில்லை. அலையோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டில் மட்டும் நாக்கு எங்கே போயிற்றோ!

அந்த மார்கழியில் அஞ்சம்மாள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரறியச் சுமந்த பிள்ளைகள் கண்பட்டுப் போயின, இதையாவது சொல்லாமல் காப்பாற்றுவோம் என்று நினைத்தாள்.

அவள் பத்துப்பாத்திரம் தேய்த்தது சம்பா கோவில் என்கிற மாதாகோவில் பக்கத்தில், ரொசாலி மதாம் வீட்டில். மதாமின் புருஷன் முசியே சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் மட்டும் அது பறந்துகொண்டுதான் இருந்தது. சவுக்கு மரத்தின் நுனியை வெட்டிவந்து, மண் நிரப்பிய வாளியில் நட்டு, சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றினால் கிறிஸ்துமசுக்கு அதுதான் நொயேல் மரம்.

மதாம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து அந்த மரத்தின் கதையைச் சொன்னாள். குளிர் தேசத்தில் ஒரு பெரிய மரத்தைச் சாமியாகக் கும்பிட்டார்களாம். அதனடியில் ஒரு குழந்தையைப் பலிகொடுக்கப் போகிற நேரத்தில் ஒரு குருவானவர் கோடாலியோடு வந்து மரத்தையே வெட்டிச் சாய்த்தாராம். சாய்ந்த மரத்தின் வேரடியில், பனியிலும் இலை உதிராத சின்ன மரம் ஒன்று பச்சைப்பசேலென்று நின்றதாம். குழந்தை பிழைத்ததாம். அதைத்தான் இன்றைக்கும் வீட்டில் வைத்துக் கொண்டாடுகிறோம் என்றாள்.

துடைப்பத்தோடு நின்ற அஞ்சம்மாளுக்கு, மரத்தைக் கும்பிடுவது தப்பு என்ற பாடம் ஏறவில்லை. குழந்தையைக் காப்பாற்றிய மரம், அது போதும் அவளுக்கு. அப்படிப்பட்ட மரத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை. முந்தானையில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் நனைத்து, ஒரு கூழாங்கல்லைக் குழந்தையாகக் கிடத்தி, சுவர்ப் பக்கத்துக் கிளையில் தொட்டில் கட்டினாள். "இத மட்டும் எனக்கு உட்டுடு" என்று மரத்திடம் கெஞ்சினாள்.

அவள் போதாத காலம், அன்றே மதாமின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் மெழுகுவத்தி வைக்க வந்த மதாமின் கையில் தொட்டில் தட்டுப்பட்டது. மஞ்சள் துணி, உள்ளே கல். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவள்தான், ஆனாலும் சூனியம் என்றால் குலை நடுங்கும். அஞ்சம்மாளை மயிரைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"ஏண்டி, எம்பேரனுக்கா வச்ச?"

"ஐயோ இல்ல மதாம், எம்புள்ளைக்கு! நீங்கதான சொன்னீங்க, கொழந்தைய காப்பாத்துன மரம்னு."

"ஒனக்கு ஏதுடி புள்ள?"

அந்த நேரம் பார்த்து இருசப்பன் மீன் கொடுக்க வந்து நின்றான். மில்லில் அவனுக்கு வேலை சொல்லிவைப்பதாக முசியே வாக்குக் கொடுத்திருந்தார். மதாம் அவன் பக்கம் திரும்பினாள். "ஒம் பொண்டாட்டி வச்ச வெனைய நீயே எடுத்து அடுப்புல போடு. இல்லன்னா மில்லு வேலைய மறந்துடு."

அஞ்சம்மாள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அது ஒம்புள்ளய்யா. மூணு மாசம். ஒங்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தேன். அதுல கைய வைக்காத."

இருசப்பன் அவளைப் பார்த்தான், மதாமைப் பார்த்தான். காலை உதறிக்கொண்டு போய்த் தொட்டிலை அவிழ்த்து அடுப்பில் போட்டான். மார்கழிப் பனியில் ஈரம் காயாத துணி உடனே பற்றவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதியும் விட்டான், பாவி.

பேரனுக்குக் காய்ச்சல் இறங்கியது. சூனியக்காரி என்ற பெயர் குப்பம் வரைக்கும் போயிற்று. தையில் கன்னியம்மாள் வந்தாள், மில் வேலைதான் வரவில்லை. துரத்தப்பட்ட அஞ்சம்மாள் பெரிய மார்க்கெட் பக்கம் ஒண்டிக்கொண்டு, ஆனியில் ஆண்பிள்ளை பெற்று, தெய்வசிகாமணி என்று பெயர் வைத்தாள். பிள்ளை தங்கியது. கருவாடு விற்று வளர்த்தாள். இருசப்பன் மகனைப் பார்க்க வந்தபோதெல்லாம் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் அலையில் புரண்ட கட்டுமரம் இருசப்பனின் நெஞ்சில் ஏறி ஆளைக் கொன்றது. கன்னியம்மாள் பெற்றதெல்லாம் பெண். கொள்ளிவைக்க மகன் வேண்டுமே என்று பச்சையம்மாள் தலைவிரி கோலமாக மார்க்கெட்டுக்கு ஓடிவந்தாள்.

"பையன அனுப்புடி. எம்மவன் கட்ட நல்லபடியா வேவணும். ஒங்கால்ல உழறேன்" என்று அத்தனை பேர் பார்க்க விழுந்தும் விட்டாள்.

அஞ்சம்மாளுக்கு மனம் இளகவில்லை. இளகியிருக்கலாம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அந்த அடுப்படியில் அவர்கள் நிற்கவில்லை. கருவாட்டில் மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவன் புள்ளைய அவந்தான் அன்னிக்கே அடுப்புல போட்டு ஊதிட்டானே. இது எம்புள்ள. கொள்ளிக்கு வேற ஆளப் பாரு."