உதிர்ந்த காய் பாவாயிக்கு

மலை மேல இருக்கற எங்க தேவனூர் நாட்டுல காபிச் செடியில இருக்கற காய் தோட்டக்காரனுக்கு, மண்ணுல உதிர்ந்து கெடக்கற காய் பாவாயிக்கு. புருசனும் போய், காணி நெலமும் இல்லாம நின்ன பொம்பளைக்கு ஊரே விட்டுக்குடுத்த பாத்தியதை அது. அவளும் ஒரு நாள்கூட கெளையில கை வெச்சதில்ல. அப்படியொரு ரோசக்காரி.

ரெண்டாயிரமாவது வருசத்தை ஒட்டி வந்துச்சு, காபிக் காயைத் தொளைக்கற துளைப்பான் வண்டு. கடுகாட்டம் இருந்துக்கிட்டு, காயில ஓட்டை போட்டு உள்ளயே குடும்பம் நடத்துச்சு. ஓட்டை விழுந்த காயெல்லாம் பொலபொலன்னு உதிர, பாவாயி கூடை மட்டும் நெறைஞ்சுது. சொத்தைக் காயையும் யாவாரி ஏதோ ஒரு வெலைக்கு எடுத்துக்குவான். வண்டை அவதான் வளக்கறான்னு வாய் கூசாமச் சில பேரு பேசுனாங்க. அட நாசமாப் போறவங்களா! பொறுக்குன காயைக் கொதிதண்ணியில முக்கி வண்டைக் கொன்னுட்டுத்தான அவ காய வெச்சா?

அப்புறம் காபி ஆபீஸ்காரர் ஒருத்தர் வந்தார். மழைக்காலத்துல, வண்டு மேல படர்ந்து அதைக் கொல்ற வெள்ளைப் பூஞ்சணத்தைத் தண்ணியில கலந்து தெளிக்கோணுமாம். மழை விட்டதும் குளவியை விட்டா, அது காய்க்குள்ள பூந்து வண்டோட புழு மேலயே முட்டை வெக்குமாம். ரெண்டையும் ஒண்ணா விட்டா பூஞ்சணம் குளவியையும் தின்னுரும்னார். குளவின்னதும் எங்காளுக பின்னால நகந்துக்கிட்டாங்க. வீராதி வீரனுக! எறும்பை விடச் சின்னது, கொட்டவும் கொட்டாது. பாவாயிதான் முன்னால வந்தா.

"ஏனுங்க, இது வேலை செஞ்சா காய் உதிராதுங்களா?"ன்னு அவரைக் கேட்டா.

"உதிராதும்மா. ஊருக்கே நல்லது"ன்னார்.

அவ குளவி அடைச்ச குப்பிகளை வாங்கிக்கிட்டுத் தோட்டம் தோட்டமாத் தொறந்து விட்டுக்கிட்டு வந்தா. என் தோட்டத்துக்கு வந்தப்ப எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்கறியே!"

"ஊர்க்காயெல்லாம் சொத்தையாப் போக, நான் மட்டும் உண்டு கொழுக்கறதா சாமி?"ன்னா.

சில வெள்ளாமைக்குள்ள வண்டு அடங்கிருச்சு. நல்ல காய் மூட்டை மூட்டையா லாரி ஏறுச்சு. செடிக்கடியில ஒண்ணுமில்ல. அவ வெறுங்கூடையோட ஊடு திரும்புனா. ஒரு காலையில அவ வர்றதுக்கு முன்னாலயே, நல்ல பழமா உருவி மண்ணுல எறைச்சு வெச்சேன்.

வந்தா, குனிஞ்சா, ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பாத்தா. ஓட்டை இல்ல. காம்பு பச்சையா இருந்துச்சு.

"தம்பி, விழுந்ததை எடுத்துக்குவேன். போட்டதை எடுக்க மாட்டேன்."

நான் எறைச்சதையெல்லாம் ஒண்ணு விடாமப் பொறுக்கி, என் சாக்குலயே கொட்டினா.

அந்த வாரமே மூட்டையைக் கட்டிக்கிட்டுப் புளியஞ்சோலைப் பக்கம் தோட்ட வேலைக்கு மலை எறங்கிட்டா. அவ நடந்து போன வழி நெடுக, எல்லா ஊட்டு வாசல்லயும் காபி காஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு காயில ஓட்டை இல்ல.