போகிப் புகையைக் காணாத பெட்டி

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். தின்னர் வாசனை. அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போய்க்கொண்டிருந்த என்னை அது அப்படியே திருப்பிப் பாடிக்குக் கொண்டுபோய்விட்டது. மேம்பாலத்துக்குப் பின்னால், பெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்கு நடுவே, பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு. அந்தத் தெருவில் காலையில் முதலில் எழுவது தின்னர்தான். தாளிக்கும் வாசனையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நான் அங்கே போய்வந்தது ஒரு சுகாதாரக் கணக்கெடுப்புக்காக. ஒப்பந்த வேலை. காற்றில் எவ்வளவு தூசி, அதே தெருவில் எத்தனை பேருக்கு இழுப்பு, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். தெருவுக்கு ஒரு வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். காற்றை உறிஞ்சி, தூசியை எண்ணி, எண்ணைத் தானே அனுப்பிவிடும். பாடியில் அது பச்சைக் கதவு வீட்டு மாடியில் இருந்தது. பொருத்தியவர்கள் வேறு ஆட்கள். என் வேலை வாசலோடு சரி. ராத்திரி இருமினீர்களா, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டார்களா. கேட்பேன், போனில் குறிப்பேன், அடுத்த வாசல். மாதம் மாறும், கேள்வி மாறாது. பதிலும் பெரும்பாலும் மாறாது. பதில் சொல்கிறவர்களின் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும்.

எந்தத் தெருவின் எண்கள் மோசமோ, அந்தத் தெருவுக்கு வாரம் ஒருநாள் டாக்டரோடு ஒரு வேன் வரும், மூச்சுக்கு ஆவி பிடிக்கும் மிஷினோடு. பச்சைக் கதவுக்காரிக்கு அந்த வேன் வேண்டும். வீட்டிலேயே துணி தைக்கிறவள். பனிக்காலத்தில் அவளால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடியே விடிய வேண்டும். விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, ஆவி பிடித்துவிட்டு, திரும்பி வருகிற வழியில் அதே புகைக்குள் நிற்பாள்.

அலுவலகத்தில் தூசி, இருமல் எல்லாவற்றுக்கும் இண்டிகேட்டர் என்றுதான் பெயர். அதை அவளிடமும் சொல்லித் தொலைத்தேன்.

"இண்டிகேட்டரா? ஆட்டோல மஞ்சளா அடிக்குமே, அதுவா?"

"கிட்டத்தட்ட அதுதான்."

"அப்ப வேலைக்காவாது. நம்ம ஏரியால எவன்க்கா அதப் போட்டுட்டு வண்டியத் திருப்புறான்?"

ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். என் பேச்சு அவளுக்கு எப்போதும் வேடிக்கை. "நீ டிவில நியூஸ் வாசிக்கிற மாரியே பேசுறக்கா," என்பாள். சிரிப்பாள். சிரிப்பின் கடைசியில் இருமல் ஒட்டிக்கொண்டு வரும்.

போகி வந்தது. விடியும் முன்பே பூந்தமல்லியிலிருந்து பாடி வரைக்கும் ஒரே புகை. எல்லாப் பெட்டிகளின் கோடும் அன்று காலை அலுவலகத் திரையில் எழும்பி நின்றது. பச்சைக் கதவு வீட்டுப் பெட்டியின் கோடு மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவனைப் போலத் தரையோடு கிடந்தது. பொங்கல் முடிந்து அலுவலகம் திறந்ததும் மேலதிகாரி, நல்ல பையன், முகம் மலர்ந்து சொன்னான்.

"அந்தத் தெருல யாரும் டயரே எரிக்கல போல மேடம். ஜனங்களுக்கு அவேர்னஸ் வந்துடுச்சு. வேன் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம்."

எனக்கு அந்தத் தெருமுனை நினைவுக்கு வந்தது. எரிந்த டயரின் கம்பி வளையங்கள் அங்கே கிடந்ததைப் போகியன்றே பார்த்திருந்தேன்.

போனேன். அவள் முன்னால் போக, முதல்முறையாக அந்த மாடிப்படிகளில் ஏறினேன். செங்குத்தான படி. திருப்பத்தில் நின்று, போனை எடுத்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீண்டும் ஏறினேன்.

பெட்டிக்குச் சட்டை போட்டிருந்தது. ஊதாப்பூ போட்ட துணியில், அளவெடுத்துத் தைத்து, அடியில் எலாஸ்டிக் வைத்து, ஓரத்தில் சுருக்கம் வைத்த உறை. கீழே அவள் வீட்டு மிக்சிக்கும் டிவிக்கும் அதே ஊதாப்பூ உறைதான்.

"என்னம்மா இது?"

"கவருக்கா. மிக்சிக்குத் தெச்சதுல துணி மிச்சம் இருந்துச்சு. ஊரான் ஊட்டுப் பொருளு, நம்மள நம்பி வெச்சுட்டுப் போயிக்கிறாங்க. இப்புடித் தூசில கெடந்தா நாளைக்கு நீ வந்து என்னிய இன்னா கேப்ப?"

"அது தூசியத்தாம்மா எண்ணிட்டிருக்கு. எண்ணிக்கை குறைஞ்சுட்டா வேன் வராது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பட்டறையில் கம்ப்ரெசர் ஓடி நின்றது.

"வாராவாரம் அவுத்துத் தொவச்சுப் போட்டேன்க்கா. தண்ணி கருப்பாப் போவும். பாரேன், பொட்டிய எவ்ளோ சுத்தமா வெச்சுக்கிறோம்னு பெருமையா வேற இருந்துச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப வேன நாந்தான் திருப்பி அனுப்சேனா?"

உறையைக் கழற்றினேன். உட்பக்கம் பூ ஊதாவாகவே இருந்தது. அந்த ஒரு வாரப் புகையிலேயே வெளிப்பக்கத்தில் பூ எது, துணி எது என்று தெரியவில்லை. அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் அதிகாரியின் மேசைமேல் விரித்து வைத்தேன். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான், விரலைப் பார்த்தான். உண்மையாகவே வருந்தினான்.

"புரியுது மேடம். ஆனா துணிய நான் ஷீட்ல எந்தக் கட்டத்துல ஏத்துறது?"

"அந்தத் தெரு இருமலெல்லாம் என்கிட்ட இருக்கே?"

"பெட்டி கணக்கு இல்லாம இருமல் மட்டும் தனியா நிக்காது மேடம். அந்தத் தெருவ இந்த வாட்டி விட்டுடுவோம். அடுத்த பனிக்குப் பாப்போம்."

அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் மூச்சு மிச்சம் வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய தராசு இருக்கிறது, அதன் தட்டில் நாங்கள் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிறோம், முள் அசைவதில்லை. வேன் வேறு தெருவுக்குப் போயிற்று. அங்கேயும் மூச்சு இழுக்கிறவர்கள்தான் இருந்தார்கள். போகட்டும்.

மறுபடி பாடிக்குப் போனேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் உறையைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

"அடுத்த பனி வரிக்கும் நான் இழுத்துப் புட்ச்சுக்கினு இருக்கணும், அவ்ளோதான?"

"ம்."

"சரி. இனிமே அந்தப் பொட்டிமேல காக்கா எச்சம் போட்டாக்கூடத் தொடைக்க மாட்டேன், போ."

வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. சுவரில் கை வைத்து, போனை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். மேலே, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"போன் வந்தா மாரி நடிக்காதக்கா. அன்னிக்கே பாத்தேன். ஒனக்கும் இழுக்குது. ஒன்ன யாரு வந்து கேக்குறாங்க?"