வெளுத்துப்போன பவளங்கள்

இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி என்னை வீட்டுக்கு அனுப்பும்போது, கோபத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அது பிறவிக் குணம், எங்கே குறையும்? ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் பவளங்கள் வளர்க்கிறேன். அவை விரல் விரித்து அசைவதைப் பார்த்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அதனால் மனைவி தினமும் என்னை அதன் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

ஒருநாள் தொட்டியின் நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. அந்த வாரத்துக்குள் பவளங்கள் சுருங்கி, சதை உரிந்து, வெள்ளை எலும்பாக நின்றன. உப்பு சரி, சூடு சரி. கொசுப்புகை அடிப்பவர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர்கள் எங்கள் வரிசைக்கு வரவேயில்லை என்ற பக்கத்து வீட்டு அக்காவையும் முறைத்தேன். மனைவி தொட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

மீன்கள் மட்டும் ஜோராக நீந்தின. அதுதான் எனக்கு உறைத்தது. மீனை விட்டுவிட்டு நத்தையையும் பவளத்தையும் கொல்வது பெரும்பாலும் செம்பு. சோதனை மருந்து வாங்கிவந்து ஒரு குப்பித் தொட்டித் தண்ணீரில் விட்டேன், செம்பு இருப்பதாக நிறம் மாறியது. பம்பைக் கழற்றினேன், ஃபில்ட்டரைக் கழற்றினேன். எங்கும் செம்புக் கம்பி வெளியே தெரியவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. ஈப்போ வெயிலில் தொட்டித் தண்ணீர் வாரம் ஒரு விரல்கடை இறங்கும், இப்போது அவ்வளவாக இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பி, மறந்துவிட்ட போனை எடுக்கத் திரும்பி வந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் சாமி மேடையில் வைக்கும் செம்புச் சொம்பு. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, முதல் நாளே தண்ணீரும் துளசியும் எலுமிச்சைத் துண்டும் போட்டு வைப்பாள். வெள்ளிதோறும் எனக்கு ஒரு கை தீர்த்தம் கொடுத்துத்தான் அனுப்புவாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“என்னம்மா பண்ற?”

“நீங்க குடிச்ச மிச்சங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததிலேருந்து ஊத்துறேன். இதுங்க நல்லா இருந்தாத்தானே நீங்க நல்லா இருப்பீங்க.”

எனக்குக் கோபமே வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. சொன்னால் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் மிச்சம் இருப்பவையும் சாகும். அவளை அழவைக்க எனக்கு மனமில்லை.

இருந்தாலும் சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெரிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

“செம்பாலயா? அப்போ நானா கொன்னேன்?”

“வேணும்னா செஞ்ச? தெரியாமதானே லா.”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். முகத்திலிருந்து கையை எடுத்தாள், அழுகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொண்ணா வெளுக்க வெளுக்க, அடுத்தது நீங்கதான்னு சாமி காட்டுறாருன்னு பயந்துட்டேங்க. ராத்திரியெல்லாம் உங்க மூச்சத்தான் பாத்துட்டு இருந்தேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சகுனம் இல்லதானே? நான்தானே காரணம்?”

“நீதாம்மா.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“நீதான்,” என்றேன்.