இரட்டைப் படம், ஆளுக்குப் பாதி

"எண் 31: போட்டோ அட்டைப் பெட்டி ஒன்று, சரிபாதி." அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தபோது என் தாய்மாமன் எழுதிய சாமான் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கிறது. தேதி தை 27. ஆண்டு இருந்த மூலையைச் செல்லரித்துவிட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

அதிலிருந்த படங்கள் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்தவை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக ஒட்டியிருக்கும். இரு கண்ணும் வைத்துப் பார்க்கும் பெட்டியில் செருகினால் இரண்டும் ஒன்றாகி, ஆட்கள் உள்ளே நிஜமாக நிற்பார்கள். முதல் பொங்கலுக்கு எங்கள் வாசலில் வரிசை நின்றது. திருக்கடையூரில் தாத்தாவுக்கு நடந்த அறுபதாம் கல்யாணத்தைப் பார்த்த ஒருவர் கலசத்தைத் தொடக் கை நீட்டினார். "கைய எடுங்க, தண்ணி கொட்டிடும்" என்றார் அப்பா. அப்புறம் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு டிவி வந்தது. வரிசை அங்கே போய்விட்டது.

பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டது பெரியம்மா மட்டும்தான். காய்ச்சலில் இறந்துபோன அவருடைய ஒரே மகள் நாற்றங்கால் வரப்பில் நிற்கும் அட்டை ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு படம் கிடையாது. தினமும் அடுப்படி வேலை முடிந்ததும் அதைப் பார்ப்பார்.

பங்கு நாளன்று, தாத்தாவின் படங்கள் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டார்கள். மாமா ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே படந்தானே மச்சான்? ஆளுக்கு ஒண்ணு. இதுக்குப் போயி மல்லுக்கட்டுறீங்களே!"

வித்தை பெட்டியின் கண்ணாடியில் இருப்பதாகத்தான் நாங்கள் நம்பியிருந்தோம். கத்தரிக்கோல் என்னிடம் வந்தது. நடுக்கோடு பிசகாமல் எல்லா அட்டைகளையும் வெட்டினேன். "வரப்பு கழிச்ச மாதிரி நேரா இருக்கு பாருங்க" என்று மாமா மெச்சினார். பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா கொல்லையில் பாத்திரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

பார்க்கும் பெட்டி பெரியப்பா பங்குக்குப் போனது. மறுநாள் பெரியம்மா, கொல்லையை இரண்டாக்கிய புது வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா தட்டையாப் போயிட்டாடி. ரெண்டு பாதியும் இருந்தாத்தான் நிப்பாளாம். ஒங்க பெரியப்பா ராத்திரிதான் சொல்றாரு. ஒங்க பாதியக் கொண்டா, பாத்துட்டுத் தந்துடுறேன்."

அம்மாவிடம் கேட்டேன். "பங்கு பிரிச்சாச்சு. அந்தப் பக்கம் எட்டிப் பாத்தே, கால ஒடிப்பேன்" என்றாள். நல்ல பிள்ளையாகக் கீழ்ப்படிந்தேன். அதே முகம்தான் அவரிடமும் இருக்கிறதே, இதற்கு ஏன் இத்தனை கெஞ்சல் என்று நினைத்தேன். பெரியம்மா நாலைந்து நாள் வேலியோரம் வந்து நின்றார். நான் கொல்லைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இடது கண் காண்பது ஒன்று, வலது கண் காண்பது இன்னொன்று, அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் அந்தப் பிள்ளை நின்றாள் என்பதைக் கல்லூரி நாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் பெரியம்மா இறந்துவிட்டார். அவருடைய பாதியையும் அவரோடு வைத்து எரித்துவிட்டார்களாம்.

வெட்டினால் என்னவாகும் என்று அன்று கூடத்தில் தெரிந்திருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். தம்பி மேலிருந்த கோபத்தில் வாய் திறக்கவில்லையா, மனைவி அந்தப் பெட்டிக்குள் பார்த்துப் பார்த்து அழுதது போதும் என்று விட்டுவிட்டாரா? அவரும் போய்விட்டார். விசாரித்தவரையில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டில் எது என்று உறுதிசெய்ய முடியவில்லை.