பட்டன் ஓட்டிய டாரீன்

டாரீன் எங்கள் மாட்டுப் பண்ணையின் சமையலறையைப் பள்ளிக்கூடமாக்கியதில் நஷ்டம் எனக்குத்தான். நான் இங்கே சமையல்காரன், எல்லோருக்கும் 'குக்கி'. பீன்ஸ் டப்பாவைத் திறந்தால் பாதி இருக்காது. டாரீனின் மகள் டில்லிக்குக் கூட்டல் சொல்லித்தரப் போயிருக்கும். இருவரும் என் மாவைப் பரப்பி எழுத்து எழுதிப் பழகுவார்கள், அதே மாவில் நான் ரொட்டி சுட வேண்டும். கேட்டால், "எழுத்து வயித்துக்குள்ள போனா நல்லதுதானே, குக்கி?" என்பாள் டாரீன்.

பள்ளிக்கூடம் இருக்கும் கேத்தரின் நகரம் இங்கிருந்து நானூறு கிலோமீட்டர். வகுப்பு கம்ப்யூட்டர் திரையில் வரும், பாடத்தாள்கள் தபால் விமானத்தில் வரும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது வீட்டுக்காரர் பாடு. டாரீனோ பத்து வயதில் படிப்பை விட்டு அப்பாவோடு மாடு ஓட்டப் போனவள். ஒருமுறை 'உங்கள் தெருவை வரைக' என்று ஒரு தாள் வந்தது. தெருவுக்கு எங்கே போவது? அம்மாவும் மகளும் நாள் முழுக்க யோசித்து, மாடுகள் தண்ணீருக்குப் போகும் தடத்தை வரைந்து அனுப்பினார்கள்.

கணக்குத்தாளைப் பார்த்தால் டாரீனுக்கே தலை சுற்றும். அதை மூடி வைத்துவிட்டு, ஆறு வயது டில்லியைத் தொழுவத்து வேலிமேல் உட்காரவைத்தாள். வாசலைத் திறந்துவிட்டால் மாடுகள் நெருக்கியடித்து ஓடிவரும். மூன்று மூன்றாக எண்ண வேண்டும், நூறு ஆனதும் ஒரு விரலை மடக்க வேண்டும். டாரீனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அவள் கணவன் கெவ் நல்லவன், கவலைக்காரன். ஆகஸ்டில் டீச்சர் நேரில் வருவதாகத் தகவல் வந்ததும் சொல்லிவிட்டான்: "பிள்ளை பின்தங்கியிருக்குன்னு அவங்க சொன்னா, ஜனவரியில அடிலெய்டுக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். அங்க நெஜ ஸ்கூல் இருக்கு."

டாரீன் இரண்டு நாள் என் சமையலைத் தொடவே இல்லை. எனக்குக் கெவ்மேல் கோபமான கோபம்.

டீச்சர் மிஸ் ஹோல்ப்ரூக் தலை முதல் கால் வரை செம்மண்ணோடு வந்து இறங்கினாள். டீ குடித்த கையோடு ஒரு பாட்டில் நிறைய பட்டன்களை மேஜையில் கொட்டினாள்.

"டில்லி, எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லு பாக்கலாம்."

டில்லி பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு துடிக்க ஆரம்பித்தது. கெவ் தரையைப் பார்த்தான். டீச்சர் பேனாவை எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இதுங்க நிக்குது, மிஸ். நின்னா எப்படி எண்ணுறது?"

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் டாரீன் முந்திக்கொண்டாள். அலமாரியிலிருந்து என் சமையல் புத்தகங்கள் இரண்டை உருவி, நடுவில் இரண்டு விரல் சந்து விட்டு மேஜையில் வைத்தாள். பட்டன்களை உள்ளங்கையால் அணைத்து, "ஹோ, ஹோ" என்று அந்தச் சந்து வழியாக ஓட்டினாள். டில்லி மேஜைமேல் முகவாயை ஊன்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "மூணு, ஆறு, ஒன்பது" என்று முணுமுணுத்தாள்.

கடைசிப் பட்டன் தாண்டியதும் சொன்னாள்: "எண்பத்திநாலு. அதுல ஒண்ணு நொண்டி."

மிஸ் தன் தாளைப் பார்த்தாள். எண்பத்துநான்குதான். விளிம்பு உடைந்த பட்டன் ஒன்றும் இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

"மூணு மூணா எண்ண யாரு சொல்லிக்குடுத்தா? அது ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பாடமாச்சே."

"அம்மா. மாடு இதைவிட வேகமா வரும், மிஸ்."

டாரீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "புத்தகத்துல இருக்கிற மாதிரி எனக்குச் சொல்லித்தரத் தெரியல, மிஸ். தப்புன்னா சொல்லுங்க."

"தப்பா? வீட்டுல சொல்லிக்குடுக்கிற அம்மாங்க எல்லாம் அடுத்த மாசம் கேத்தரின்ல கூடுறாங்க. நீங்க வந்து இதை அவங்களுக்குச் செஞ்சு காட்டணும்."

டாரீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறேனா என்று பார்த்திருப்பாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கெவ் எழுந்து வராந்தாவுக்குப் போய் அடிலெய்டுக்கு போன் போட்டான். உரக்கத்தான் பேசினான்.

"டில்லி வரல, அக்கா. அவ இங்கயே இருக்கட்டும். டாரீன்தான் ஸ்கூலுக்குப் போறா." அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. "படிக்க இல்லக்கா," என்றான். "சொல்லிக்குடுக்க."